வன்னி முற்றத்தில் புல்தரை: விதைப் பையை விட்டுவிட்டு வரம்புக்குப் போங்கள்

அத்தான் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்தபோது சூட்கேசுக்குள் இரண்டு கிலோ புல்விதை இருந்தது. பையின் மேல் பச்சைப் பசேலென்று ஒரு வீட்டு முற்றம், அதில் வெறுங்காலோடு ஒரு குழந்தை. கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு முன்னாலும் அதே மாதிரி ஒன்று வரவேண்டும் என்பது அக்காவின் ஆசை. கார்த்திகை மாதம், நல்ல மழை. விதைத்து ஆறாம் நாள் முளைத்தது, பிறந்த பிள்ளையின் தலைமயிர் மாதிரி மெல்லிசாக. தை முழுக்க வருவோர் போவோர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாசிக் கடைசியில் நுனி மஞ்சளானது. பங்குனியில் நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது வைக்கோல் நிறத்துக்குப் போனது, சித்திரையில் கையால் தடவினாலே வேரோடு கழன்று வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிவிட்டார்.

நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிழை விதையில். அந்தப் பையில் இருந்தது கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்கியூ மூன்றும் கலந்த விதை. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் வீட்டு முற்றங்களில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கூட்டம்தான். இவற்றுக்கு 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரை உற்சாகம், 30 தாண்டினால் வேர் சோரத் தொடங்கிவிடும். அங்கே ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ விதைப்பார்கள், உறைபனி வருமுன் வேர் பிடிக்கும், பனிக்குக் கீழே உறங்கிக் கிடந்து ஏப்ரலில் எழும்பும். எங்கள் தை மாதக் குளிர், ரொறன்ரோவின் யூலை மாத வெக்கையோடு கிட்டத்தட்டச் சரி, அதனால்தான் தை வரைக்கும் அது சமாளித்தது. பங்குனி வெயிலை அது தன் பரம்பரையிலேயே கண்டதில்லை. (இன்னொன்று, விதை கொண்டுவர விவசாயத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அந்த வேலை பார்க்காதீர்கள்.)

ஆகவே வன்னியில் புல்தரை போட நினைக்கும் ஆளுக்கு நான் முதலில் சொல்வது, வயல் வரம்பில் மண்வெட்டியால் செருக்கி எறிகிறோமே அறுகு, அதைக் கொண்டுவந்து வையுங்கள் என்பதுதான். முறிகண்டிப் பிள்ளையாருக்கு வைக்கிற அதே அறுகம்புல். 27 முதல் 35 பாகை வரைக்கும் அதற்குக் கொண்டாட்டம். வெளிநாட்டில் இதையே பெர்முடா கிராஸ் என்று காசு கொடுத்து வாங்கி விளையாட்டு மைதானங்களில் போடுகிறார்கள். "அறுகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அது சும்மா சொன்னதில்லை. கொடி ஓடுகிற இடமெல்லாம் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், மண்ணுக்கு மேலே ஒரு கொடி ஓடும், கீழே இன்னொன்று ஓடும், மேலே உள்ளது கருகினாலும் கீழே உள்ளது பிழைத்துக் கிடக்கும். அதற்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, நிழல். நாளுக்கு ஆறேழு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் அறுகு நூலாகிவிடும். மாமரத்தடி, வேம்படி என்றால் நேசரிகளில் மலேசியன் புல் என்று விற்கிற அகன்ற இலைப் புல்லை வையுங்கள், ஆனால் அது தண்ணீர் குடிக்கும். சொய்சியா என்று ஒன்றும் இருக்கிறது, பார்க்க அழகு, மெத்தை மாதிரி, படர்வதற்குள் உங்களுக்கு வயதாகிவிடும்.

எவ்வளவு இடம்

சிறிதாகத் தொடங்குங்கள். இருபதடிக்குப் பதினைந்தடி, அதாவது 300 சதுர அடி போதும். ஏன் சொல்கிறேன் என்றால், புல்லுக்குக் கிழமைக்கு ஒரு அங்குலத் தண்ணீர் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 300 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்பது ஏறத்தாழ 700 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கியில் முக்கால்வாசி. வெளிநாட்டுக்காரர் ஆசைப்படுகிற மாதிரிக் கால் ஏக்கர் போட்டால் 25,000 லீற்றருக்கு மேல் போகும், அதுவும் ஒவ்வொரு கிழமையும். ஆடி ஆவணியில் கிணற்றில் வாளி அடியைத் தட்டுகிற நேரத்தில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போகும்போது நீங்கள் புல்லுக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்பதும் நல்லாயிருக்காது.

மண் வேலை

புரட்டாதியில் தொடங்குங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள்தான் பதம் இருக்கும். முதல் மழையோ ஒரு நல்ல நனைப்போ முடிந்து அடுத்த நாள் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் கொத்துகிற நேரம். அரை அடி ஆழம் கொத்தினால் போதும்.

கொத்தும்போது ஒரு எச்சரிக்கை, இது வன்னி என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடம் யாரும் கை வைக்காத காணி என்றால், கண்ணிவெடி அகற்றி முடித்த பகுதிதானா என்று கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். கொத்தும்போது துருப்பிடித்த இரும்பு, உருளையான ஏதாவது, வயர் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்த வழியாலேயே திரும்பி, பொலிசுக்குச் சொல்லுங்கள். எடுத்துப் பார்க்காதீர்கள், தள்ளி வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மீள்குடியேறிப் பத்து வருடத்துக்குப் பிறகும் அப்படி வெளிப்பட்ட காணிகள் இருக்கின்றன.

அடுத்தது கோரை. இந்த வேலையில் அரைவாசி கோரையோடு சண்டைதான். மேலே பிடுங்கினால் தாள்தான் வரும், கிழங்கு உள்ளே இருக்கும், ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று, மணிமாலை மாதிரி. ட்ரக்டர் விட்டு உழுதால் அந்த மாலை துண்டு துண்டாக அறுந்து ஒன்று இருந்த இடத்தில் பத்து வரும். அதனால் மண்வெட்டிதான். கொத்திப் புரட்டிக் கிழங்குகளைப் பொறுக்குங்கள், தண்ணீர் விடுங்கள், பத்து நாளில் மிச்சம் முளைக்கும், திரும்பக் கொத்திப் பொறுக்கி வெயிலில் காய விடுங்கள். இதை இரண்டு தரம் செய்தால் முழுதாகப் போகாது, ஆனால் அறுகு முந்திக்கொள்ளும் அளவுக்குக் குறையும். இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அடுத்த வருடம் கோரைத் தோட்டம் வைத்திருப்பார்கள். நானும் ஒரு தரம் வைத்திருந்தேன்.

பிறகு மட்டம். வீட்டுப் பக்கமிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு இருக்கட்டும், கிணற்றுப் பக்கம் சரிக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். விதை கருகின பிறகு அறுகு வைக்கலாம் என்று முடிவெடுத்து, பிந்தி, கார்த்திகைக் கடைசியில் நட்டேன். 2018 மார்கழி வெள்ளம், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நேரம். கொத்தி இளக்கின மண்ணும் நட்ட கொடியும் சேர்ந்து ஒரே இரவில் ஒழுங்கைக்குப் போய்விட்டன. காலையில் பார்த்தால் எதிர் வீட்டு வேலியடியில் என் அறுகு கிடக்கிறது. அந்த வெள்ளத்தில் ஊரார் இழந்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, ஆனாலும் சரிவும் காலமும் எவ்வளவு முக்கியம் என்று விளங்கியது.

எரு போடுவதென்றால் நன்றாக மக்கின மாட்டெரு, 300 சதுர அடிக்கு உரப்பையால் பத்துப் பன்னிரண்டு பை, கொத்தின மண்ணோடு கலந்துவிடுங்கள். பட்டியிலிருந்து நேராக அள்ளின பச்சைச் சாணம் வேண்டாம், மாடு தின்ற களை விதை எல்லாம் அதோடு வந்து இறங்கும்.

நடுகை

ஐப்பசியில் முதல் ஒன்றிரண்டு மழை நிலத்துக்குள் இறங்கியதும் நடுங்கள். பெருமழைக்கு முன் மூன்று நான்கு கிழமை கிடைத்தால் வேர் பிடித்துவிடும், அதற்குப் பிறகு எந்த மழைக்கும் அசையாது. மூன்றாம் தரம் நான் இதைத்தான் செய்தேன், அந்தப் புல்தான் இன்றைக்கும் நிற்கிறது.

கொடி எடுக்கும் வரம்பை யோசித்துத் தெரிவு செய்யுங்கள். களைநாசினி அடித்த வரம்பு வேண்டாம், கோரை கலந்த வரம்பு வேண்டவே வேண்டாம். காணிக்காரரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார், அவருக்கு ஒரு தரம் வரம்பு செருக்குகிற வேலை மிச்சம். இரண்டு உரப்பை கொடி 300 சதுர அடிக்குக் காணும். ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள், எடுத்த நாளே நட வேண்டும், ஒரு மத்தியானம் வெயிலில் கிடந்தாலே பாதி செத்துவிடும்.

கொடியை நாலு விரல் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு இருக்க வேண்டும். மண்வெட்டி முனையால் அரைச் சாண் இடைவெளியில் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கோடு இழுத்து, துண்டுகளைச் சரித்து வைத்து, நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்துக்கொண்டே போங்கள். மிதிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மண்ணுக்கும் கணுவுக்கும் நடுவில் காற்று இருந்தால் வேர் வராது. முழுவதையும் புதைத்துவிடாதீர்கள், முழுவதையும் மேலே பரப்பியும் விடாதீர்கள்.

முதல் இரண்டு கிழமை மேல்மண் காயக்கூடாது. மழை இல்லாத நாளில் காலையும் பின்னேரமும் லேசாகத் தெளியுங்கள். மூன்றாம் கிழமை ஊசி மாதிரிப் பச்சை தெரியும், ஆறிலிருந்து பத்துக் கிழமைக்குள் கோடுகள் மறைந்து தரை மூடிவிடும். இந்த இடைவெளியில் என்ன களை வந்தாலும் கையால் பிடுங்குங்கள், ஒரு நாள் விடாமல்.

தண்ணீர்

வேர் பிடித்த பிறகு பழக்கத்தை அப்படியே மாற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது புல்லைக் கெடுக்கும் வேலை, மேலே தண்ணீர் கிடைத்தால் வேர் ஏன் கீழே போகிறது? கிழமைக்கு ஒரு தரம், காலையில், ஆழமாக. எவ்வளவு நேரம் என்று தெரிய ஒரு சுலபமான வழி: ஹோசால் இருபது லீற்றர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால், 700 லீற்றருக்கு முப்பத்தைந்து நிமிடம். தெளிப்பான் வைத்திருந்தால் நாலு வெறும் மீன் ரின்னை அங்கங்கே வைத்து, ஒரு அங்குலம் நிரம்பினதும் நிறுத்துங்கள்.

தேவையா இல்லையா என்று புல்லே சொல்லும். பின்னேரம் அதன் மேல் நடந்து திரும்பிப் பாருங்கள். கால் பதிந்த புல் உடனே நிமிர்ந்தால் தண்ணீர் வேண்டாம். பதிந்தபடியே கிடந்து, நிறமும் பச்சையிலிருந்து சாம்பல் நீலத்துக்குப் போயிருந்தால் அடுத்த நாள் காலை ஊற்றுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில், பச்சையாக வைத்திருக்கப் பாடுபடாதீர்கள் என்பது என் கட்சி. புல் பழுப்பாகும், பார்க்கச் செத்த மாதிரி இருக்கும், கீழே கொடி உயிரோடு இருக்கும். மூன்று கிழமைக்கு ஒரு தரம் 350 லீற்றர் கொடுத்தால் உயிர் தங்கும், முதல் நல்ல மழையில் பச்சை திரும்பும். அத்தானின் முற்றமும் நாலு மாதம் பனிக்குள் கிடக்கிறது, அதை ஒருவரும் குறையாகச் சொல்வதில்லை.

வெட்டு

அத்தானின் புல்லறிவில் முக்கால்வாசி இங்கே உதவவில்லை. ஒன்றிரண்டு உதவியது, அதில் முதலாவது இது: ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. புல்லின் குருத்து மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது, அதனால்தான் நுனியை வெட்டினாலும் வளர்கிறது. ஆனால் இலைதான் அதன் அடுப்பு, ஒரேயடியாக மொட்டையடித்தால் வேர் பட்டினி கிடக்கும். அவர் தன்னுடையதை மூன்று அங்குலத்தில் வைத்திருக்கிறார், அந்தப் புல்லுக்கு அது சரி. அறுகை ஒன்றரை அங்குலத்தில் வையுங்கள், உயர விட்டால் அடி தடிகட்டி மேலே மட்டும் பச்சையாக, கோழிக்கூட்டுத் தும்பு மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தரம், கோடையில் மாதம் ஒன்று.

எங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைப்பது தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷின்தான். அதைக் கொண்டு மட்டமாக வெட்டுவது ஒரு கலை, பையன்கள் அவசரத்தில் அங்கங்கே மண்ணைத் தொட்டுவிடுவார்கள். இரும்பு அலகு வேண்டாம், நைலோன் நூல் போடச் சொல்லுங்கள், வெட்டுமுன் கல்லும் போத்தல் ஓடும் பொறுக்குங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். சின்ன இடத்துக்கு அரிவாளே போதும். ஆடு கட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கட்டிப் பார்த்தேன். அது விரும்பின இடத்தில் கரண்டித் தின்றுவிட்டு, விரும்பாத இடத்தைத் திரும்பியும் பார்க்காமல், கடைசியில் என் கறிவேப்பிலையை முடித்தது.

வெட்டின துகளை அள்ளி எறியாதீர்கள், மெல்லிசாக இருந்தால் அப்படியே மக்கி உரமாகும். இதுவும் அத்தான் சொன்னதுதான்.

உரம், வேலி, மற்றவை

யூரியா ஒரு தரத்துக்கு 300 சதுர அடிக்கு 300 கிராம், அதற்கு மேல் வேண்டாம். நட்டு ஆறு கிழமையில் ஒரு தரம், தைக் கடைசியில் ஒரு தரம், சித்திரை இடிமழை கிடைத்தால் அதோடு ஒரு தரம். இலையில் ஈரம் இல்லாதபோது நாலு பங்கு மணலோடு கலந்து வீசி, உடனே தண்ணீர் ஊற்றுங்கள். வயலுக்கு எறிகிற மாதிரிக் கைப்பிடியாக எறிந்தால் விழுந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கருகும். 2021 இல் இரசாயன உரம் இறக்குமதி நின்றபோது யூரியாவைக் கண்ணாலும் காண முடியவில்லை. அந்த வருடம் அரித்த மாட்டெருவை மட்டும் தூவினேன், பச்சை கொஞ்சம் மங்கலாக இருந்ததே தவிர வேறு குறை இல்லை.

வேலி இல்லாமல் புல்தரை போடாதீர்கள். மழை ஓய்ந்த பிறகு ஊரிலேயே நீங்கள் தண்ணீர் ஊற்றுகிற புல்தான் பச்சை என்பது கட்டாக்காலி மாடுகளுக்குத் தெரியும், இரவில் படலையை நெம்பிக்கொண்டு வரும். தின்பதை விடக் குளம்புதான் சேதம். மழைக்குப் பிறகு மண்புழு தேடிக் காட்டுப்பன்றி வந்தால் ஒரே இரவில் உழவு அடித்த மாதிரி ஆகிவிடும், முட்கம்பியை அடியோடு ஒட்டி ஒரு வரி கூடப் போடுங்கள். பார்த்தீனியக் களை தலைகாட்டினால் பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் எரியும், தும்மலும் வரும். நெருஞ்சியைக் காய்க்க விட்டீர்களோ, வெறுங்காலில் நடக்கிற ஆசையை மறந்துவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு தரம், புரட்டாதியில், மண் லேசாக நனைந்திருக்கும்போது கம்பிக் கவையால் ஒரு சாணுக்கு ஒரு குத்து என்று தரை முழுவதும் குத்தி, மணலும் அரித்த எருவும் கலந்து கால் அங்குலத்துக்குத் தூவி, விளக்குமாற்றால் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். நடந்து நடந்து இறுகின செம்மண்ணுக்குள் காற்றும் மழையும் போக இதை விட்டால் வழி இல்லை.

கடைசியாக அம்மாவின் பங்கு. அவருக்கு முற்றம் என்றால் கூட்டிச் சாணி தெளித்த வெறும் மண். 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது இந்த முற்றத்தில் புல் நெஞ்சளவு நின்றது, அதை வெட்டித்தான் வாசலைக் கண்டோம், அதனால் நான் அறுகுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து "ஆரும் புல்லுக்குத் தண்ணி விடுவினமோ? ஆளில்லாத வீடு மாதிரி" என்றார். பேசிப் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். சுவரைச் சுற்றியும் வாசலிலிருந்து படலை வரைக்கும் மூன்றடி அகலத்துக்குப் புல் வராது, அது அவருடைய எல்லை. நீங்களும் அப்படி விடுங்கள். சுவரில் கறையான் ஏறினால் உடனே தெரியும், புடையன் பாம்பு கடந்தால் வெளிச்சத்தில் தெரியும், மழைக்கால இரவில் டோர்ச்சை அந்த மூன்றடியில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இறங்குவோம். அறுகு அதற்குள் கொடி நீட்டிக்கொண்டேயிருக்கும். காலையில் கூட்டும்போது அம்மா அதைக் கால்விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு அறுத்துவிடுவார்.